எங்கள் தெருவில் 4 பேருக்குப் புற்றுநோய்: நோய்க்கொத்தா, தற்செயலா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 மேலத்தெரு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் தெருவில் 60 வீடு, சுமார் 240 தலை. மூன்று வருஷத்துக்குள் 4 பேருக்குப் புற்றுநோய். என் சித்தப்பாவுக்குத் தொண்டையில். எதிர்வீட்டு அக்காவுக்கு மார்பில். தெருக்கோடிப் பெரியவர் ஒருவருக்கு இரைப்பையில். நாலாவது ஆள் 31 வயசுப் பையன், ரத்தப் புற்று. சித்தப்பாவும் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தெருவில் இப்போது வேறு பேச்சே இல்லை. செல்போன் டவர்தான் காரணம் என்று பாதிப்பேர், மேற்கே இருக்கிற சாயப்பட்டறைத் தண்ணீர் என்று மீதிப்பேர். வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுப்பதாக முடிவு. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கூகுள் மேப்பில் நாலு வீட்டையும் சிவப்புப் புள்ளியாக வைத்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்பினான். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

"எதேச்சையாக நடந்திருக்கும்" என்று ஒரே வரியில் மனுவை மூடிவிடுவார்களோ என்பதுதான் பயம். நோய் ஒரு இடத்தில் கொத்தாக வந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டே சொல்லலாம் என்கிறார்கள். எப்படிப் போடுவது?


#2 கணக்கு_வாத்தியார்

தம்பி, இரண்டு பேரை இழந்திருக்கிறீர்கள். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எத்தனை பேருக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில், வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 100 பேருக்குப் புதிதாக வருகிறது. வாழ்நாள் முழுக்க எடுத்தால் 9 பேரில் ஒருவருக்கு. அப்படியானால் 240 பேர், 3 வருஷம் என்றால் 0.72 பேர். இதை எதிர்பார்ப்பு என்போம்.

இது மாதிரி அபூர்வமாக நடப்பவற்றுக்குப் பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுச் சூத்திரம் பொருந்தும். எதிர்பார்ப்பு 0.72 என்றால் ஒருவருக்குமே வராமல் இருக்க 0.487, ஒருவருக்கு 0.350, இருவருக்கு 0.126, மூவருக்கு 0.030. கூட்டினால் 0.994-ஐத் தொடுகிறது. ஆக, நாலோ அதற்கு மேலோ வர மீதி 0.006. ஆயிரத்தில் 6.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, தற்செயலே இல்லை" என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. 240 பேர் கொண்ட தெருக்களாக வெட்டினால் 3 லட்சம் தெரு. டவரும் பட்டறையும் எங்குமே இல்லாவிட்டாலும் அதில் 1,900 தெருக்களில் நாலு பேருக்கு வந்திருக்கும். அந்த 1,900 தெருவிலும் யாராவது ஒருவர் உங்களைப் போலத் தூக்கமில்லாமல் மனு எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, தெருவில் வயசானவர்கள் அதிகமா? வயசுக்கேற்பக் கணக்குப் போட்டால் எதிர்பார்ப்பு சுலபமாக இரட்டிப்பாகும். 1.44 என்று வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் 6. அப்போது அது அபூர்வமே இல்லை.

9ஆம் வகுப்புக்கு நான் இதைக் காட்டுகிற விதம்: தரையில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து, 100 கட்டம். ஒரு பையனின் கண்ணைக் கட்டி 100 புளியங்கொட்டையை வீசச் சொல்வேன். கட்டத்துக்கு ஒன்றாக விழும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். கிட்டத்தட்ட 37 கட்டம் காலியாகவே கிடக்கும். ஒன்றிரண்டு கட்டத்தில் நாலைந்து கொட்டை குவிந்திருக்கும். உடனே ஒரு பிள்ளை எழுந்து, "சார், அங்க தரை பள்ளமா இருக்கு" என்று காரணம் சொல்லும். ஒரு வருஷம்கூட இது தப்பியதில்லை.


#3 செங்காந்தள்

மன்னிக்க வேண்டும் சார், கோபம் வருகிறது. எங்கே மக்கள் கூடி "எங்களுக்கு ஏதோ ஆகிறது" என்று சொன்னாலும், யாராவது ஒருவர் புளியங்கொட்டையோடு வந்து நின்றுவிடுகிறார்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வோபர்ன் என்று ஒரு ஊர். 1972-இல் ஆன் ஆண்டர்சன் என்ற தாயின் மகனுக்கு ரத்தப் புற்று. ஆஸ்பத்திரிக்கு அலையும்போதே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அங்கே பார்க்கிறார். குழாய்த் தண்ணீரில்தான் கோளாறு என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவரும் காதில் வாங்கவில்லை. 1979-இல் ஊரின் இரண்டு கிணறுகளில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கண்டுபிடிக்கப்பட்டு, கிணறுகள் மூடப்பட்டன. 1981-இல் அரசே கணக்கெடுத்தது: 1969 முதல் 1979 வரை 5.3 பிள்ளைகள் என்று எதிர்பார்த்த இடத்தில் 12 பேர். அதில் 6 பேர் ஊரின் கிழக்கே ஒரு சின்னப் பகுதியில். முதலில் கண்டது எந்தப் புள்ளியியல் துறையும் அல்ல, ஒரு அம்மாவின் கண்.

"1,900 தெருவில் இப்படித்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்த 1,900-க்குள் ஒரு வோபர்ன் இருந்தால் என்ன செய்வீர்கள்?


#4 கணக்கு_வாத்தியார்

நியாயமான கேள்வி அம்மா. திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. 0.006 என்ற எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனால், இந்த 1,900 கணக்கை அதிகாரி சொல்வார், தம்பியிடம் பதில் இருக்காது. அதற்காகத்தான் எழுதினேன்.

தரவுப்பறவை வந்தால் நன்றாக இருக்கும். அவருக்கு இதுதான் தொழில்.


#5 தரவுப்பறவை

வந்துவிட்டேன் சார். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தை எப்போது வரைந்தீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மேலத்தெருத் தம்பியின் நண்பர் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அவை உள்ளே வருகிற மாதிரி வட்டம் போட்டார். சுவரில் அம்பை எய்துவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி இலக்கு வரைகிற வேலை அது. தெருவை எல்லையாக எடுத்ததும் அப்படித்தான். ஐந்தாவது ஆள் அடுத்த தெருவில் இருந்திருந்தால் "எங்கள் வார்டு" என்று தலைப்புப் போட்டிருப்பீர்கள். மூன்று வருஷம் என்பதும் முதல் நோயாளியிலிருந்து எண்ணியதாகத்தான் இருக்கும். உங்கள்மேல் தப்பில்லை, மனிதக் கண் வேலை செய்வதே அப்படி.

இதிலிருந்து வெளியே வர இந்தத் துறை 60 வருஷமாகப் பாடுபட்டிருக்கிறது. அதில் மூன்று படியை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 1964-இல் நாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் செய்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டு, டர்ஹாம் பகுதியில் 96 குழந்தைகளுக்கு ரத்தப் புற்று. அவர் வட்டமே போடவில்லை, ஜோடி சேர்த்தார். 96 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,560 ஜோடி. அதில் 60 நாளுக்குள் நோய் தொடங்கிய ஜோடிகள் 152. ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த ஜோடிகள் 25. இடத்துக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லை என்றால், இரண்டிலும் நெருங்கிய ஜோடிகள் 25-ஐ 152-ஆல் பெருக்கி 4,560-ஆல் வகுத்த அளவு வரவேண்டும், அதாவது 0.83. வந்ததோ 5. எனக்கு இதில் பிடித்தது, மக்கள்தொகை விவரமே தேவைப்படாததுதான். எங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது தெரியாமலேயே நோய் இடத்திலும் காலத்திலும் ஒன்றுகூடியதா என்று கேட்க முடிகிறது. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் 60 நாள், ஒரு கிலோமீட்டர் என்பது ஆராய்பவர் தேர்ந்தெடுத்தது. அந்தக் குறை அங்கேயும் இருக்கிறது.

இரண்டாவது, சீஸ்கேல். 1983 நவம்பரில் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒன்று, செல்லாஃபீல்டு அணு ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் சீஸ்கேல் கிராமத்தில் 7 இளம்பிள்ளைகளுக்கு ரத்தப் புற்று வந்ததை வெளியே கொண்டுவந்தது. ஒன்றுகூட வரக்கூடாத சின்ன ஊர். அரசு அமைத்த டக்ளஸ் பிளாக் குழு 1984-இல் எண்ணிக்கை கூடுதல்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஆலையை முதலில் சந்தேகித்துவிட்டுப் பிறகுதானே எண்ணினார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஸ்டான் ஓப்பன்ஷா 1987-இல் ஒரு இயந்திரம் செய்தார். நிஜத்தில் அது ஒரு கணினி நிரல். எந்த ஆலையையும் மனசில் வைக்காமல் வட இங்கிலாந்து முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் சின்னதும் பெரியதுமாக லட்சக்கணக்கான வட்டங்களை வரைந்து, எதிலெல்லாம் எண்ணிக்கை மீறுகிறதோ அதை மட்டும் வரைபடத்தில் கருப்பாக விட்டார். சீஸ்கேல் கருத்தது. அதோடு யாருமே பேசாத கேட்ஸ்ஹெட் பக்கம் இன்னும் பெரிதாகக் கருத்தது. அங்கே அணு ஆலை கிடையாது.

மூன்றாவது, ஸ்கேன் முறை, அதாவது வரைபடம் முழுக்க வட்டத்தை நகர்த்தித் துழாவுவது. ஓப்பன்ஷாவிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: லட்சம் வட்டம் போட்டால் சில நூறு வட்டம் சும்மாவே கருக்கும். மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் 1995-இல் நாகர்வாலாவோடும், 1997-இல் தனியாகவும் எழுதிய கட்டுரைகளில் அதை அடைத்தார். ஒரு வட்டத்துக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஒப்பிட்டு, அந்த வட்டத்துக்கு ஒரு மதிப்பெண். ஒரு ஒன்றியத்தில் மொத்தம் 50 நோயாளிகள், ஒரு வட்டத்துக்குள் 3 பேரை எதிர்பார்த்தோம், 9 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 9 பெருக்கல் (9/3-இன் இயல் மடக்கை), அதோடு 41 பெருக்கல் (41/47-இன் இயல் மடக்கை). முதலாவது 9.89, இரண்டாவது கழித்தல் 5.60. மதிப்பெண் 4.29. எல்லா வட்டத்துக்கும் இப்படிப் போட்டு, அதில் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இனிதான் நேர்மை வருகிறது. அதே 50 நோயாளிகளைக் கணினி மக்கள்தொகைக்கேற்பக் கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்ப வீசுகிறது, வாத்தியார் சாரின் புளியங்கொட்டை மாதிரி. வீசியபின் மறுபடியும் எல்லா வட்டமும், மறுபடியும் உச்ச மதிப்பெண். இப்படி 999 தடவை. அந்த 999 உச்சங்களில் 180, நம்முடைய 4.29-ஐத் தாண்டினால் பி மதிப்பு 181/1000. ஆயிரத்தில் 181 தடவை சும்மாவே இவ்வளவு பெரிய கொத்து *எங்கோ ஒரு இடத்தில்* வரும் என்று பொருள். அந்த "எங்கோ ஒரு இடத்தில்" என்பதுதான் உயிர்நாடி. அந்த ஒன்றியத்தின் எல்லாத் தெருக்களையும் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. எங்கே வட்டம் போட்டோம் என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது, போடக்கூடிய எல்லா வட்டத்தையும் போட்டாயிற்று.

இந்தக் கணக்கைப் போடும் சாட்ஸ்கேன் என்ற மென்பொருள் இலவசம். யாரும் இறக்கிக்கொள்ளலாம்.


#6 புதுமாணவி

அண்ணா, ஒரு சந்தேகம். பி மதிப்பு 0.18 வந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாமா?


#7 தரவுப்பறவை

எழுதக் கூடாது தங்கச்சி. இந்தத் துறையில் மக்களுக்குச் செய்கிற பெரிய அநியாயம் அதுதான். சின்ன ஊரில் நோய் ஆபத்து நிஜமாகவே இரண்டு மடங்காகியிருந்தாலும், 0.72 எதிர்பார்ப்பு 1.44 ஆகும். அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்காலும் பிடிக்க முடியாது. "கொத்து என்று காட்ட இந்தத் தரவு போதாது" என்று எழுதலாம். "பாதுகாப்பானது" என்று எழுதினால் பொய்.

மறுபக்கமும் உண்டு. நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸில் மூளைப் புற்று கூடிவிட்டது என்று 1990களில் பெரிய அச்சம் கிளம்பியது. அணுகுண்டு செய்த ஊர் என்பதால் யாருக்கும் சந்தேகமே இல்லை. குல்டார்ஃபும் மற்றவர்களும் மாநிலம் முழுக்க இடமும் காலமும் சேர்த்து ஸ்கேன் செய்து 1998-இல் வெளியிட்டார்கள். தற்செயலில் வரக்கூடிய அளவைத் தாண்டவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பட்ட பயத்துக்கு அப்படி ஒரு பதிலாவது கிடைத்தது.


#8 செங்காந்தள்

நிதானமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் வோபர்னுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 12-க்கு 5.3 என்பது உங்கள் 999 வீச்சில் தேறியிருக்குமா, தேறாதா? தேறாது என்றால் இந்த முறையால் என்ன பயன்?


#9 தரவுப்பறவை

5.3 எதிர்பார்த்து 12 வந்தால் அந்த ஊருக்கு மட்டும் பார்க்கும்போது வலுவான மீறல்தான். நாடு முழுக்க எல்லா வட்டத்தோடும் போட்டியிட வைத்தால் அதே எண் தாங்காமல் போகலாம். உண்மை அது. ஆனால் வோபர்னை நிலைநாட்டியது வட்டமே இல்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த லகாகோஸ், வெசன், செலன் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாசுபட்ட இரண்டு கிணறுகளின் தண்ணீர் எந்த மாதம் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு போயிற்று என்பதை மாநில அரசின் குழாய்க் கணக்கிலிருந்து எடுத்தார்கள். ஊர்க்காரர்களே தொண்டர்களாக உட்கார்ந்து தொலைபேசியில் வீடு வீடாகக் கேட்டார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவாக இருந்தாலும் ஒன்றுக்கு அந்தத் தண்ணீர் நிறைய, இன்னொன்றுக்குக் குறைவு. அந்த வித்தியாசத்தோடு ரத்தப் புற்றும் சேர்ந்து நகர்ந்தது. வரைபடத்தில் உள்ள தூரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் போன வழியை எடுத்ததால்தான் அது தெரிந்தது.

லண்டனில் ஜான் ஸ்நோ 1854 காலராவுக்குச் செய்ததும் இதையேதான். புள்ளிகள் வைத்த வரைபடம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷம் வெளியிட்ட வரைபடத்தில் அவர் ஒரு கோடு சேர்த்தார். பிராட் தெரு அடிபம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் *நடந்துபோகிற தூரம்* சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. காக்கை பறக்கிற தூரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. குடத்தோடு நடக்கிற தூரம்தான் வேண்டியிருந்தது.


#10 செவிலி_அக்கா

நான் கிராம சுகாதார செவிலியர். 19 வருஷ சர்வீஸ். நீங்கள் பேசும் மடக்கையெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் குழாய்க் கதையைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில வருஷத்துக்கு முன் என் துணை நிலையத்துக்கு உட்பட்ட ஒரு ஊரில் ஒரே வாரத்தில் 11 வீட்டில் வயிற்றுப்போக்கு. நோய்க் கண்காணிப்புக்கான எஸ் படிவத்தில் எழுதி அனுப்பிவிட்டு, ஊர் வரைபடத்தில் வீடுகளைக் குறித்தேன். கிழக்கே 6 வீடு, தெற்கே 5 வீடு. நடுவில் இரண்டு தெரு முழுக்க ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தெற்கே ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, கிழக்கே ஏதோ கிணறு என்று இரண்டாகத்தான் நினைத்தோம். மெடிக்கல் ஆபீசரும் அப்படித்தான் நினைத்தார்.

மூன்றாவது நாள் டேங்க் ஆபரேட்டர் அண்ணனை மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பிடித்தேன். குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். மூன்று வால்வு. காலையில் ஒன்று திறப்பார், மத்தியானம் ஒன்று, சாயந்தரம் ஒன்று. இரண்டாவது வால்வு லைன் நடுத்தெருக்களைச் சுற்றிக்கொண்டு கிழக்கையும் தெற்கையும் இணைக்கிறது! வீட்டுக்கு வந்து என் பிள்ளையின் கலர் பென்சிலால் வால்வு வாரியாக வரைபடத்துக்கு நிறம் அடித்தேன். 11 வீடும் ஒரே நிறத்தில் உட்கார்ந்தன. அந்த லைனின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் துளிகூட இல்லை, குளோரின் போய்ச் சேரவேயில்லை. சாக்கடையை ஒட்டி ஒரு இடத்தில் பைப் விரிசல் விட்டிருந்தது.

வட்டம் போட்டிருந்தால் நடுவில் இருக்கும் நோயில்லாத இரண்டு தெருவும் உள்ளே வந்து கணக்கை நீர்த்துப்போகச் செய்திருக்கும், இல்லையா?

விலாசம் பற்றியும் ஒன்று. ஜி.எச்.சில் கேட்டால் பாதிப்பேர் தங்கியிருக்கும் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைக் கொடுப்பார்கள். அதை வைத்து மேப் போட்டால் டைபாய்டு எல்லாம் ஆஸ்பத்திரியைச் சுற்றியே வந்த மாதிரி இருக்கும்.


#11 தரவுப்பறவை

அக்கா, நீங்கள் செய்ததை நான் பாடம் எடுக்கும்போது சொல்லிக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஆமாம், வட்டம் நீர்த்துத்தான் போயிருக்கும். அதனால்தான் பிறகு நீள்வட்டமும், டாங்கோவும் தகாஹாஷியும் 2005-இல் கொடுத்த, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை எந்த வடிவத்திலும் கோத்துப் பார்க்கும் முறையும் வந்தன. ஆனால் அவையும் எல்லை ஒட்டிய பகுதிகளைத்தான் கோக்கும். உங்கள் இரண்டாவது வால்வை எந்த மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது.


#12 வன்னிக்கிணறு

வணக்கம். நான் வவுனியாவில இருந்து எழுதுறன். எங்களுக்குப் பக்கத்தில, வட மத்திய மாகாணத்தில மதவாச்சி, பதவியாப் பக்கம் 1990களில இருந்து சிறுநீரக வருத்தம். சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத, வயல் செய்யிற ஆக்களுக்கு வாறது. எங்கட வவுனியாவின்ர தெற்குப் பக்கமும் இருக்கு. காரணம் பற்றி எத்தனையோ ஆராய்ச்சி நடந்தும் இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பரிசோதனை முகாம் போடுற ஊரில எண்ணிக்கை கூடும். போடாத ஊர் மேப்பில சுத்தமாத் தெரியும். இந்த நோய் கடைசி வரைக்கும் வெளியில தெரியாமல் இருக்கிறதால, தேடின இடத்திலதான் அது இருக்கும். பிறகு அந்த ஊர் சிவப்பாயிட்டுது எண்டு அங்கயே இன்னொரு கிளினிக் வைப்பினம், இன்னும் சிவப்பாகும். ஸ்கேன் மெசின் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், எங்க தேடினது எண்ட விவரம் அதுக்குள்ள போகாட்டி அது முகாம் போட்ட இடத்தைத்தான் கொத்து எண்டு காட்டும்.

அடுத்தது, 20, 30 வருசம் ஊறி வாற வருத்தம். நோயாளி இண்டைக்கு இருக்கிற வீடு முக்கியமில்லை. யுத்தத்தில எங்கட சனம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது? எந்தக் கிணத்துத் தண்ணியை எந்த வயசில குடிச்சது எண்டு கேட்டால் ஒருவர் ஆறு ஊர் சொல்லுவார். அதில எந்த ஊரில புள்ளி வைக்கிறது?


#13 புதுமாணவி

இதெல்லாம் வாசித்தபின் கேட்கிறேன் அண்ணா, இந்த முறை உடனடியாகப் பயன்பட்ட இடம் ஒன்றாவது உண்டா?


#14 தரவுப்பறவை

உண்டு. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2014 முதல் 35 வகை நோய்களுக்குத் தினமும் சாட்ஸ்கேனைத் தானாக ஓடவைத்தது. அது மக்கள்தொகை விவரம் கேட்காத வகை ஸ்கேன், 2005-இல் வந்தது. ஒரு வட்டாரத்தில் வந்த மொத்தத்தை அந்த நாளில் நகரம் முழுக்க வந்த மொத்தத்தால் பெருக்கி, எல்லா வட்டாரத்திலும் எல்லா நாளிலும் வந்த மொத்தத்தால் வகுத்தால் அந்த வட்டாரத்துக்கு அந்த நாளின் எதிர்பார்ப்பு. நாக்ஸ் 1964-இல் செய்த பெருக்கலும் வகுத்தலும் இதன் அடியில் இருப்பது தெரிகிறதா?

2015 ஜூலை 17 அன்று தெற்கு பிராங்ஸில் லெஜியனேர் என்ற நிமோனியா கொத்தாகிறது என்று அது எச்சரித்தது. ஒவ்வொரு டாக்டருக்கும் தன்னிடம் வந்த ஒன்றிரண்டு பேர்தான் தெரியும், சேர்த்துப் பார்க்க ஆளில்லை. கடைசியில் ஒரு ஓட்டலின் மொட்டைமாடியில் இருந்த ஏ.சி. குளிர்கோபுரத்து நீர்த்திவலையில் கிருமி இருந்தது நிரூபணமானது. 138 பேர் நோயுற்றார்கள், 16 பேர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே குளிர்கோபுரங்களை எல்லாம் பதிவுசெய்யவும் சோதிக்கவும் நகரம் சட்டம் போட்டது.

ஏன் அங்கே பலித்தது? நோய் சில நாளிலேயே வெளிப்படும். காரணம் காற்றில், சுற்றுவட்டமாகவே பரவும். விலாசம் சரியாக இருக்கும். வட்டம் பொருந்துகிற நோய் அது. புற்றுநோய்க்கு இதில் ஒன்றும் பொருந்தாது.


#15 மேலத்தெரு

நாலு நாள் வரவில்லை, மன்னிக்கவும். எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மனுவைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் 60 வீடும் ஏறி இறங்கினோம். வயசு, எத்தனை வருஷமாக இந்தத் தெரு, முன்னால் எங்கே, என்ன வேலை, என்ன தண்ணீர், புகையிலை உண்டா, யாருக்காவது நோய் வந்ததா, எந்த ஆஸ்பத்திரி. பெண்கள் தங்கச்சியிடம் பேசியதை என்னிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

தலை எண்ணினால் 240 இல்லை, 271. அறுபது தாண்டியவர்கள் மட்டும் 58 பேர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், வயசானவர்கள்தான் இங்கே. வாத்தியார் சார் சொன்னது சரிதான்.

சித்தப்பா பெயருக்கு எதிரே எழுதும்போது கை நின்றுவிட்டது. அவர் 22 வருஷம் சூரத்தில் இருந்தார். இந்தத் தெருவுக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷத்தில் கண்டுபிடித்தார்கள். டவர் அதற்கும் பிறகுதான் வந்தது. அவர் வாயில் புகையிலை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடவா? எடுத்தால் மூன்று பேர்தான். தெருவில் என்னைத் துரோகி என்பார்கள்.


#16 செங்காந்தள்

எடுக்காதீர்கள் தம்பி. 22 வருஷம் சூரத், புகையிலை என்று எல்லாவற்றையும் எதிரே எழுதியே வையுங்கள். அவர் இறந்தது நடந்த விஷயம், அதை ஏன் அழிக்க வேண்டும்? கோபத்தோடு இந்த இழைக்குள் வந்தவள் நான். வோபர்ன் ஊர்க்காரர்களும் இப்படித்தான் நோயாளிகளைத் தேடிப் பட்டியல் போட்டார்கள்.


#17 செவிலி_அக்கா

தேதி எழுதும்போது இறந்த தேதி வேண்டாம், நோய் கண்டுபிடித்த தேதியை எழுதுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும். அப்போது எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதும் வேண்டும். மனுவில் டவரை எடுக்கச் சொல்லாமல், தெருவில் குடிக்கும் போர்த் தண்ணீரைச் சோதிக்கவும், ஒன்றியம் முழுக்கப் பதிவேட்டு எண்ணிக்கையை வயசு வாரியாக ஒப்பிட்டுத் தரவும் கேளுங்கள். அதற்கு ஒரே வரியில் பதில் எழுத முடியாது.

அந்த 31 வயசுப் பையன் என்ன வேலை பார்த்தான் என்று நோட்டில் இருக்கிறதா?


#18 மேலத்தெரு

இருக்கிறது அக்கா. எட்டு வருஷம் ஒரு செருப்புக் கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில். சின்ன ஷெட், ஜன்னலை மூடித்தான் வேலை என்று அவன் அம்மா சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது சட்டையில் பசை வாடை அடிக்குமாம்.


#19 தரவுப்பறவை

தம்பி, இதை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். பசையில் பென்சீன் என்ற கரைப்பான் கலந்திருந்த காலத்தில் இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்களிடையே ரத்தப் புற்று கூடியதை முசாபர் அக்சோய் என்ற டாக்டர் 1970களில் எழுதினார். பென்சீன் ரத்தப் புற்று உண்டாக்கும் என்பதில் இன்று கருத்து வேறுபாடே கிடையாது. இந்தப் பையன் வேலை பார்த்த இடத்துப் பசையில் என்ன இருந்தது என்பது தனிக் கேள்வி, அதைச் சோதிக்காமல் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் தெருவின் நாலு புள்ளியில் மற்ற மூன்றோடு இது சேராமல் போகலாம். சேர வேண்டிய புள்ளிகள் இருந்தால் அவை வேறு ஊர்களில், அந்த ஷெட்டுக்குப் பஸ் ஏறி வந்தவர்களின் வீடுகளில் இருக்கும். உங்கள் நண்பர் போட்ட வட்டத்துக்கு வெளியே.

அவனோடு அந்தப் பிரிவில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவன் அம்மாவிடம் கேட்க முடியுமா?


#20 மேலத்தெரு

அவனிடமே கேட்கலாம். கீமோ முடிந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். சாயந்தரம் நோட்டோடு போகிறேன்.